குப்பையோடு விலைபோகும் வீடு



மர்ஹூமான தந்தையார் சேர்த்த சாமான்கள் கூரைமுட்டக் கிடக்கும் வீடு. ‘இருந்தபடியே தாருங்கள், முழுத்தொகையும் ரொக்கம்’ என்று ஒருவர் வருகிறார். குப்பையைக் காட்டி விலையையும் குறைக்கிறார். அறுபதாம் கல்யாணத்திற்கு வருவோருக்காக விடுதிகள் பெருகிய திருக்கடையூரில் அவர் தேடுவது மனையை அன்றோ? இடிக்கப் போகிறவருக்குக் குப்பை ஒரு கணக்கா?

2015 ஜூன் முதல், வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெற்றால், அதே அளவு அபராதம் பெற்றவர் மீதே விழும். வங்கி வழியே பெறுங்கள். கரையான் அரித்த உத்தரம் போன்ற ஐபுகளை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

அக்குவியலுக்குள் மூலப்பத்திரம் கிடக்கலாம். நகையோ பணமோ கிடக்கலாம். அனைத்தும் மீராஸ் சொத்து. ஆகவே சகோதரிகளையும் அழைத்து, அவர்கள் கண்முன் பிரித்துப் பாருங்கள். அவர்கள் கையெழுத்தின்றி அவர்களது பங்கை விற்க உங்களுக்கு உரிமையில்லை.