வாசலில் ஸலாம் இல்லாமல்...



பிறர் இல்லத்தினுள் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் உரைக்க வேண்டும் என்பது, திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 27ஆம் வசனம் கற்பிக்கும் ஒழுக்கமாகும். மும்முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இன்றோ, முன்பின் அறியாத ஒருவர் ஸலாமும் இன்றி, கதவையும் தட்டாமல் நம் குடும்ப விவரங்களுக்குள் நுழைந்துவிட முடிகிறது. நம் கைப்பேசி எண் ஒன்று கிடைத்தாலே அவருக்குப் போதும்!

எண்ணைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் ட்ரூகாலர் 2009இல் சுவீடனில் தோன்றியது. அதன் பயனாளர்கள் மிகுதியாக இருப்பது இந்தியாவில்தான். அதில் நாம் சேராவிடினும் நம் பெயர் அங்கே இருக்கக்கூடும். பிறர் தெரிவிக்கும் பெயர்களாலும் அப்பட்டியல் வளர்கிறது.

2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், முஸ்லிம் பெண்களின் படங்களைச் சமூக ஊடகங்களிலிருந்து திருடி, 'ஏலம்' என்று கிட்ஹப் தளத்தில் இழிவுபடுத்திய கொடுமையை நாம் மறக்கவில்லை. குற்றம் முழுவதும் அக்கயவர்களுடையதே; அப்பெண்கள்மீது எப்பழியும் இல்லை. ஆயினும் நம் வீட்டின் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பது நம் பொறுப்பு அல்லவா?

எனவே, ஓர் அந்நியர் தேடுவதுபோல் நம்மை நாமே தேடிப் பார்ப்போம். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயருடன் கூகுளில் இட்டுப் பார்க்கலாம். கைப்பேசி எண்ணையும் அவ்வாறே தேடலாம். முகவரியோ எண்ணோ வெளிப்பட்டால், தேடல் முடிவிலிருந்து நீக்கும்படி கூகுளிடம் விண்ணப்பிக்கலாம். 2022 முதல் இவ்வசதி விரிவாக்கப்பட்டுள்ளது. ஆனால் மூலத் தளத்தில் விவரம் அப்படியே இருக்கும். அதை நீக்க அத்தளத்தாரிடமே தனியே கோர வேண்டும். ட்ரூகாலரில் கணக்கு இருப்பின் முதலில் அதை முடக்கிவிட்டு, பிறகு அவர்களது இணையதளத்தில் எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கக் கோரலாம்.

2023இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம் விவரங்களைத் திருத்தவும் அழிக்கவும் கோரும் உரிமையைத் தருகிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இவ்வுரிமை அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளது.

இவை யாவற்றினும் முக்கியமான ஒன்றுண்டு. நம் பிள்ளைகளின் வரன் குறிப்புகளை, படமும் முகவரியும் எண்ணும் சேர்த்து, வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவோர் வெளியார் அல்லர், நாமேதான்! நிக்காஹ் முடிந்து பேரக்குழந்தை பிறந்த பின்னும் அக்குறிப்பு எவர் கைப்பேசியிலோ தங்கியிருக்கும். படத்தையும் முகவரியையும் சம்பந்தம் கூடிவரும் நிலையில், உரிய குடும்பத்தாரிடம் மட்டும் தருவதே கண்ணியம்.

அவ்வாறே, மாப்பிள்ளையைப் பற்றி இணையத்தில் ஏதேனும் கண்டால் உடனே தீர்ப்பளித்துவிடலாகாது. ஒரே பெயரில் நம்மிடையே எத்தனை பேர்! அவரது மஹல்லாவில் நேரில் விசாரித்துத் தெளிவதே நீதியாகும். பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதை அல்ஹுஜுராத் அத்தியாயம் 12ஆம் வசனம் தடுத்திருப்பதையும் நினைவிற்கொள்வோம்.

நம் வாசலைக் காப்பதோடு, பிறர் வாசலையும் மதிப்போமாக! வல்ல அல்லாஹ் நம் அனைவரின் மானத்தையும் காத்தருள்வானாக! ஆமீன்.