கமகத்தைப் படிக்கட்டாக்காதீர்கள்

வீட்டு ஸ்டூடியோவில் பாட்டு மிக்ஸ் செய்கிறவன் நான். வருகிற குரல்களோடு ஒரு குறிப்பும் வந்துவிடும்: ‘ப்ரோ, ஆட்டோட்யூன் ஃபுல்லா போட்டுடுங்க.’ பாடினவர் சுருதியில் நிற்கிறாரா என்று கேட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் பொறுமையில்லை.

ஆட்டோட்யூன் 1997இல் வந்தது. எண்ணெய் தேடுவதற்காக நிலத்துக்குள் அனுப்பும் ஒலியலைகளை ஆராய்ந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் உருவாக்கியது. அடுத்த வருடமே ஷெர் பாடிய ‘பிலீவ்’ அதை வேண்டுமென்றே முடுக்கி, இயந்திரக் குரலையே ஓர் அழகாக்கியது. அதில் எனக்கு மறுப்பில்லை. தெரிந்து செய்தார்கள்.

என் கோபமெல்லாம் தெரியாமல் செய்வதன் மேல்தான். க்ரோமாட்டிக் ஸ்கேலில் வைத்து, ரீட்யூன் ஸ்பீடைப் பூஜ்ஜியத்துக்குத் தள்ளினால் மென்பொருளுக்குத் தெரிவது 12 படிகள் மட்டுமே. தோடியின் காந்தாரம் ஒரே படியில் நிற்கிற ஸ்வரமா? அசைவதுதானே அதன் உயிர்! ஒப்பாரியில் குரல் வழுக்கி இறங்குமே, அந்த வழுக்கல்தானே அழுகை? ப்ளகின் இதையெல்லாம் பிழை என்று எண்ணி, பக்கத்துப் படியில் தூக்கி உட்காரவைக்கிறது. கமகம் படிக்கட்டாகிவிடுகிறது.

‘இப்பல்லாம் காது இதுக்குப் பழகிருச்சுங்க’ என்பார்கள். பழக்கினது யாரு? நாமதானே?

மணிக்கணக்கு வாடகை இல்லை என்பதுதான் வீட்டு ஸ்டூடியோவின் பெரிய வசதி. அப்புறம் என்ன அவசரம்? இன்னொரு டேக் கேளுங்கள். நிஜமாகவே பிசகிய சொல்லை மட்டும் கையால் திருத்துங்கள். மீதியைத் தொடாதீங்க.