எக்ஸோஸ் அப்புறம், முதலில் டயரைப் பாருங்கள்

உங்கள் அண்ணன் வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே தவணையில் ஒரு மைவி வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஜாசினிலோ, அலோர் காஜாவிலோ, புக்கிட் அசஹான் தோட்டத்திலோ இது புதுமையான செய்தி இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். முதல் போனஸில் எக்ஸோஸ் மாறும். இரண்டாவதாகப் பெரிய ஸ்போட் ரிம் வரும். கையில் காசு தீர்ந்துபோன மாதத்தில் ஸ்பிரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்துவார்கள். பிறகு, "கார் இப்போது பந்தயத்துக்குத் தயார்" என்பார் அண்ணன்.

தயார் இல்லை என்பதுதான் என் கருத்து. அதற்கான ஆதாரம் உங்கள் புத்தகப் பையிலேயே, படிவம் 4 இயற்பியல் நூலில் இருக்கிறது.

ஆட்டோகிராஸ் என்றொரு போட்டி உண்டு. நம் நாட்டில் ஜிம்கானா என்றும் சொல்வார்கள். அகலமான தார்த் திடலில் கோன்களை வைத்து வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைப்பார்கள். கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனியாக ஓடும். எதிராளி கடிகாரம் மட்டுமே. ஒரு சுற்று சுமார் ஒரு நிமிடம். கோனைத் தட்டினால் நேரம் கூடும். அமெரிக்காவில் ஒரு கோனுக்கு 2 வினாடி. பந்தயக் கார் தேவையில்லை, அன்றாடம் வேலைக்குப் போகும் காரிலேயே கலந்துகொள்ளலாம். மலாக்காவில் இருப்பவர்களுக்கு ஆயர் குரோவிலேயே ஓர் அனைத்துலக மோட்டார் விளையாட்டுத் தடம் இருக்கிறது. மூடிய தடம் என்பது ஏதோ எட்டாத தூரத்துப் பொருள் அல்ல.

இப்போது கணக்குக்கு வருவோம். காரும் ஓட்டுநரும் சேர்ந்து 1,000 கிலோ. வளைவின் ஆரம் 20 மீட்டர். வேகம் மணிக்கு 45 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 12.5 மீட்டர். வளைவில் காரைத் திருப்பத் தேவைப்படும் மையநோக்கு விசை, மலாயில் நீங்கள் 'டாயா மெமூசாட்' என்று படித்தது, சுமார் 7,800 நியூட்டன். அந்த விசையை எது கொடுக்கிறது? இயந்திரம் அல்ல, எக்ஸோஸும் அல்ல. உள்ளங்கை அளவு ரப்பர் நான்கு இடத்தில் தரையைத் தொடுகிறது அல்லவா, அந்த நான்கு இடத்து உராய்வுதான்.

வேகத்தை 50 ஆக்குங்கள். ஐந்தே கிலோமீட்டர்தான் கூட்டினோம், ஆனால் விசை 9,600 நியூட்டனைத் தாண்டிவிடும். கிட்டத்தட்ட காரின் முழு எடைக்குச் சமம். சாதாரண டயர் காய்ந்த தாரில் எடையில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு வரைதான் பிடித்துக்கொள்ளும். மீதி? கார் நேராகச் சறுக்கிப் போய்க் கோனைத் தட்டும். ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினாலும் பயன் இல்லை. ஆகவே ஆட்டோகிராஸுக்குக் காரைத் தயார் செய்வது என்றால் முதலில் டயரைத் தயார் செய்வது என்றுதான் பொருள்.

டயரின் பக்கச் சுவரைப் படித்துப் பார்த்திருக்கிறீர்களா? பல டயர்களில் 'டிரெட்வேர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு மூன்று இலக்க எண் இருக்கும். எண் பெரிதாக இருந்தால் ரப்பர் மெதுவாகத் தேயும். பொதுவாகப் பிடிப்பு குறைவு. எண் சிறிதானால் ரப்பர் மென்மை, பிடிப்பு அதிகம், சீக்கிரம் தேயும். ஒவ்வொரு நிறுவனமும் தானே சோதித்து இடும் எண் என்பதால் ஒரு நிறுவனத்தின் 300-ஐ இன்னொன்றின் 300-ஓடு அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் அமெரிக்க ஆட்டோகிராஸ் விதிகள், சாலைக் கார் பிரிவில் 200க்குக் குறைந்த எண் உள்ள டயரை அனுமதிப்பதில்லை. பணக்காரர்கள் டயரை வாங்கியே வெற்றி பெற்றுவிடக் கூடாது அல்லவா!

டயருக்கு என்ன பெரிய மரியாதை என்று கேட்பவர்களுக்கு 2005 ஜூன் 19-ஐ நினைவூட்டுகிறேன். அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் பார்முலா 1 பந்தயம். மிச்செலின் டயர்கள் அந்தத் தடத்தின் வளைவைத் தாங்காது என்று தெரிந்ததால், அவற்றைப் பூட்டிய 14 கார்கள் பந்தயம் தொடங்குமுன்பே ஒதுங்கிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய 6 கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்றில் இருந்தவர் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன். நான்காவதாக வந்தார், பார்முலா 1-இல் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். ஒதுங்கிய 14 கார்களிலும் இயந்திரங்கள் நன்றாகத்தான் இருந்தன.

புது டயர் வாங்கக் காசு இல்லையா? காற்று இருக்கிறது. பெட்ரோல் நிலையத்தில் இலவசம். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவிலிருந்து தொடங்குங்கள். வேகமாக வளையும்போது டயர் பக்கவாட்டில் மடங்குகிறது. எவ்வளவு மடங்குகிறது என்று அறியப் போட்டியாளர்கள் செய்வது மிகவும் எளிய வேலை: டயரின் ஓரத்தில் வெள்ளைச் சாக்கட்டியால் கோடு போடுவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் கோடு எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பக்கச் சுவர்வரை அழிந்திருந்தால் காற்று போதவில்லை. அழியவே இல்லை என்றால் அதிகம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் 30 பாகை செல்சியஸில் 210 கிலோபாஸ்கல் அடித்த டயர், ஓடி ஓடி 60 பாகைக்குச் சூடானால் ஏறக்குறைய 240 காட்டும். வாயு விதியை வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ஆனால் 210 என்பது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலுள்ள அளவு. அதோடு 101-ஐக் கூட்ட மறந்தால் விடை தவறும். சோதனைத் தாளில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அடுத்து அந்த ஸ்பிரிங். கார் தாழ்ந்தால் ஈர்ப்பு மையம் தாழும், ஆகவே வளைவில் நன்றாக நிற்கும் என்பார் அண்ணன். சொல்வது சரி, எவ்வளவு என்பதுதான் கேள்வி. பேருந்து திரும்பும்போது நிற்பவர்கள் வெளிப்பக்கம் சாய்வதுபோல, காரின் சுமையும் வெளிச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் 55 சென்டிமீட்டர் உயரத்தில், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 145 சென்டிமீட்டர் என்றால், நமது 45 கிலோமீட்டர் வளைவில் ஏறக்குறைய 300 கிலோ இடம் மாறுகிறது. காரை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மிச்சமாவது சுமார் 16 கிலோ. அவ்வளவுதான். ஸ்பிரிங் கெட்டியானால் கார் சாய்வது கண்ணுக்குக் குறையும், ஆனால் மாறும் மொத்தச் சுமை அப்படியேதான் இருக்கும்.

அந்த 16 கிலோவுக்குக் கொடுக்கும் விலையைப் பாருங்கள். ஆறு சுற்றுள்ள ஸ்பிரிங்கில் ஒன்றரைச் சுற்றை வெட்டினால் அது மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விறைக்கிறது. சக்கரம் ஏறி இறங்க இடம் குறைகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது நீளம் போதாத ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டே நகரக்கூடும். லாரிகள் குழியாக்கிய செம்பனைத் தோட்டத்துச் சாலையில், அம்மாவையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போகும் கார் இது! போட்டிக்காகத் தாழ்த்த விரும்புபவர்கள் அந்தக் காருக்கென்றே செய்த ஸ்பிரிங்கையும் அப்சோர்பரையும் சேர்த்து மாற்றுவார்கள். ரம்பத்தைத் தொடமாட்டார்கள்.

பின்னால் பூட்டும் ஸ்பாய்லரைப் பற்றி ஒரு வரி போதும். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 180 கிலோமீட்டரில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 60-இல் கிடைக்கும். கோன்களுக்கிடையே அது அழகுப் பொருள்.

காரை மாற்றாமலே செய்யக்கூடியவை இன்னும் உண்டு. பூட்டில் கிடக்கும் குடை, பள்ளிப் பை, உருளும் தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றையும் இறக்குங்கள். சக்கர நட்டு, மின்கலப் பிடி, பிரேக் ஆகியவற்றைச் சரிபாருங்கள். தடத்தில் பரிசோதகரும் இவற்றைத்தான் பார்ப்பார். டாஷ்போர்டில் இருக்கும் முருகன் சிலை நன்றாக ஒட்டியிருந்தால் இருக்கட்டும்.

உங்களில் பலருக்கு இன்னும் உரிமம் எடுக்கும் வயது ஆகவில்லை. பரவாயில்லை, உங்களுக்கு அதைவிட முக்கியமான வேலை இருக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகமும் காற்றழுத்தமானியும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி நினைவிருக்கிறதா? காற்று தற்சார்பு மாறி, நேரம் சார்பு மாறி, மற்றதெல்லாம் மாறாமல் இருக்க வேண்டும். ஒரே நாளில் டயர், ஸ்பிரிங், எக்ஸோஸ் மூன்றையும் மாற்றிய அண்ணனுக்கு எது பலன் தந்தது என்று ஒருபோதும் தெரியாது. எழுதி வைத்த தம்பிக்கோ தங்கைக்கோ தெரியும். மாற்றத்தைக் குறைத்து ஓட்டும் திறனைச் சோதிப்பது இந்த விளையாட்டில் பழைய மரபு. நம் நாட்டின் கரம்ஜித் சிங் 2002-இல் புரோட்டோன் பெர்ட்டில் வென்ற உலக ரேலிப் பட்டமும் உற்பத்திக் கார்களுக்கான பிரிவில் கிடைத்ததுதான்.

"காசைக் கரியாக்கும் விளையாட்டு இது" என்று உங்கள் அப்பா சொன்னால் அதில் உண்மை உண்டு. பெட்ரோலும் டயரும் எரியத்தான் செய்கின்றன. ஆனால் நள்ளிரவில் பொதுச் சாலையில் நடக்கும் பந்தயத்தோடு இதை ஒன்றாக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம். அங்கே 5 கிலோமீட்டர் கூடிப்போனால் தட்டுப்படுவது கோன் அல்ல. வேகத்தில் ஆசை உள்ள பிள்ளையிடம் "வேண்டாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். பள்ளியின் அறிவியல் கழகம் ஒரு சனிக்கிழமை மாணவர்களைத் தடத்துக்கு அழைத்துப் போய், சாக்குக்கோடு அழிவதைக் காட்டினால் என்ன?

அதுவரை வீட்டு வாசலில் நிற்கும் காரே போதும். டயரின் சுவரில் 'டாட்' என்ற எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 2317 என்றிருந்தால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். செகண்ட் ஹேண்டாக வாங்கிய டயர் என்றால் பூக்கள் ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். நான்கு டயரின் எண்களையும் எழுதி இன்றிரவே அப்பாவிடம் காட்டுங்கள். ஐந்தாவதாக, பூட்டுக்குள் இருக்கும் மாற்று டயரையும் மறக்க வேண்டாம்.