மறுபடியும் முதல் பாடம்!



லண்டனில், வங்கதேசக் குடும்பத்தில் பிறந்தவர் ருக்சானா பேகம். கட்டடக்கலை படித்தவர். வீட்டுக்குத் தெரியாமல் பழக ஆரம்பித்த 'கிக் பாக்ஸிங்'கில், 2016-ல் உலகப் பட்டமே வென்றார். (வீட்டுக்குத் தெரியாமல் செய்ததை மட்டும் நீங்கள் பின்பற்ற வேண்டாம்!)

2018-ல் தொழில்முறை குத்துச்சண்டைக்கு மாறினார். 'இதுவும் சண்டைதானே, என்ன கஷ்டம்?' என்கிறீர்களா? கிக் பாக்ஸிங்கில் காலால் உதைக்கலாம். குத்துச்சண்டையில் உதைத்தால் தப்பு! நிற்பது, நகர்வது, தடுப்பது... எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டும். புதிதாகக் கற்பதைவிட, ஊறிப்போன பழக்கத்தை விடுவது எவ்வளவு சிரமம்! பென்சிலை இடது கையில் பிடித்து எழுதிப் பாருங்கள், புரியும்.

உலக சாம்பியன், 34 வயதில் மறுபடியும் மாணவி ஆனார். லண்டன் யார்க் ஹாலில் முதல் போட்டி. முடிவு? வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை... டிரா!

அன்புடன்,
ஆசிரியர்