ஆப்பிரிக்கா: பக்கத்து நாட்டோடு வியாபாரம் செய்வது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கூகுள் மேப்பில் மேற்கு ஆப்பிரிக்காவைப் பெரிதாக்கிப் பாருங்கள். செனகல் நாட்டுக்குள் விரலை நுழைத்தது மாதிரி காம்பியா என்றொரு குட்டி நாடு தெரியும். காம்பியா ஆற்றின் இரண்டு கரைகள்தான் மொத்த நாடும். ஆற்றை பிரிட்டன் எடுத்துக்கொண்டது, சுற்றியிருந்த நிலத்தை பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. விளைவு? செனகலின் வடக்கிலிருந்து தெற்கே போகும் லாரிகள், 2019-ல் பாலம் திறக்கும்வரை, ஃபெர்ரி படகுக்காகக் காத்துக் கிடந்தன. இல்லையென்றால் காம்பியாவையே சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

இது ஒரு நாட்டின் பிரச்சினை மட்டுமல்ல. ஒரு கண்டத்தின் கதை.

நிலம் எப்படி?

ஆப்பிரிக்காவின் பரப்பு சுமார் 3 கோடி சதுர கி.மீ. இந்தியாவைப் போல 9 மடங்கு. வடக்கே சகாரா பாலைவனம். நடுவே காங்கோ ஆறு இருக்கிறது. ஆனால் கடலை நெருங்கும் இடத்தில் வரிசையாகப் பாறைச் சரிவுகள் இருப்பதால், கடலிலிருந்து கப்பல் நேராக உள்நாட்டுக்குப் போக முடியாது. 54 நாடுகளில் 16 நாடுகளுக்குக் கடற்கரையே கிடையாது.

கோடு போட்டது யார்?

1884 நவம்பரில் தொடங்கிய பெர்லின் மாநாட்டில், ஆப்பிரிக்காவில் இடம் பிடிப்பதற்கான விதிகளை ஐரோப்பிய நாடுகள் பேசி முடித்தன. ஆப்பிரிக்கர் ஒருவர்கூட அங்கே இல்லை. 1914-ல் சுதந்திரமாக மிஞ்சியவை எத்தியோப்பியாவும் லைபீரியாவும் மட்டுமே.

1960-ல் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன. ஆனால் எல்லையைத் தொட்டால் எல்லா இடத்திலும் சண்டை வெடிக்கும் என்ற பயம். அதனால் 1964-ல் கெய்ரோவில் கூடிய தலைவர்கள், இருக்கும் கோடுகளையே ஏற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார்கள்.

பணம் எங்கே போகிறது?

காலனி காலத்து ரயில் பாதைகள் பெரும்பாலும் சுரங்கத்திலிருந்து துறைமுகத்துக்குப் போட்டவை. பக்கத்து ஊரை இணைக்கப் போட்டவை அல்ல. அந்தப் பாணி இன்னும் மாறவில்லை. போன் பேட்டரிகளுக்குத் தேவையான கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசில் தோண்டப்படுகிறது. சுத்திகரிப்பதோ பெரும்பாலும் சீனாவில். உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட்டும் கானாவும் தருகின்றன. சாக்லேட் லாபம் வேறெங்கோ போகிறது.

ஆப்பிரிக்க நாடுகளின் வர்த்தகத்தில் சுமார் 15% மட்டுமே தங்களுக்குள் நடக்கிறது. ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இது பாதிக்கும் மேல்.

ஒரே சந்தை சாத்தியமா?

இதை மாற்றத்தான் ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் வந்தது. 2018-ல் ருவாண்டாவின் கிகாலியில் கையெழுத்தாகி, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எரித்ரியா தவிர எல்லா நாடுகளும் கையெழுத்திட்டிருக்கின்றன.

ஆனால் கையெழுத்து வேறு, சரக்கு நகர்வது வேறு. பல அரசுகளுக்குச் சுங்க வரி முக்கியமான வருமானம். விட மனசு வராது. பல நாடுகள் ஒரே மாதிரி கச்சாப் பொருளையே விற்பதால், ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்க அதிகம் இல்லை. அரசியலும் எதிர்த் திசையில் இழுக்கிறது. ராணுவம் ஆட்சியைப் பிடித்த மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பிலிருந்து வெளியேறிவிட்டன. சூடானில் 2023 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் போர்.

ஏன் கவனிக்க வேண்டும்?

ஆப்பிரிக்க மக்களில் சரிபாதிப் பேர் சுமார் 19 வயதுக்குள் இருப்பவர்கள். 2050-ல் உலகில் நாலில் ஒருவர் ஆப்பிரிக்கராக இருப்பார் என்பது ஐ.நா. கணிப்பு. 2023-ல் டெல்லி மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் ஜி20-ன் நிரந்தர உறுப்பினரானதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணைத் தோண்டி ஏற்றுமதி செய்வதில் இத்தனை பேருக்கு வேலை கிடைக்காது. தொழிற்சாலை வேண்டும், தொழிற்சாலைக்குப் பெரிய சந்தை வேண்டும். காம்பியா ஆற்றின் மேல் ஒரு பாலம் கட்ட விடுதலைக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வேலை தேடும் இந்தத் தலைமுறைக்கு அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது.