சின்ன எழுத்தில் நம் பெயர்

கொடைக்கானல் மேல்மலையில், மன்னவனூர் மாணவர்கள் எங்களிடம் கேட்கும் ஆங்கிலச் சந்தேகங்கள் எல்லா ஊரிலும் கேட்கப்படுபவைதான். 'எ' எங்கே, 'தி' எங்கே? 'சின்ஸ்' வருமா, 'ஃபார்' வருமா? இவற்றுக்கு இலக்கணப் புத்தகத்தில் விடை இருக்கிறது. புத்தகம் வாய் திறக்காத கேள்வி ஒன்று உண்டு: ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் 'பரையா' என்ற ஆங்கிலச் சொல்லை எழுதலாமா?

கூடாது என்கிறோம் நாங்கள்.

அந்தச் சொல் போனது இங்கிருந்துதான். பறையர் என்ற நம் மக்களின் பெயர் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ஏறியது. பிறகு கேப்பிட்டல் எழுத்தை இழந்து பொதுப்பெயராகிவிட்டது. இன்று உலக நாடுகள் ஒதுக்கும் நாடு 'பரையா ஸ்டேட்'. இந்தியத் தெருநாய் 'பரையா டாக்'.

மன்னவனூர் பஸ் ஸ்டாப்பில் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் நம்மைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதே பெயரை ஆங்கிலப் பத்திரிகை தலைப்பில் வசவாகப் போட்டால், நல்ல வொக்காபுலரி!

"இப்போது அதைச் சொல்லும்போது யார் சாதியை நினைக்கிறார்கள்?" என்பார்கள். நினைக்காமலே இழிவுபடுத்த முடிகிறது என்பதுதான் எங்கள் குற்றச்சாட்டு.

பெயரில் நமக்கு வெட்கமில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். அவர் தலைநிமிர்ந்து சூட்டிய பெயரை வசவாக்க எவருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் எந்தச் சொல்லை எழுதுவது? 'அவுட்காஸ்ட்'. கடைசியில் 'இ' வேண்டாம். 'இ' சேர்த்தால் சாதி அடுக்குக்கு வெளியே வைக்கப்பட்டவர் என்று பொருள் மாறிவிடும். 'இ' இல்லாத சொல்லுக்கு 'வெளியே எறியப்பட்டவர்' என்று பொருள். செயப்பாட்டு வினையைக் கண்டால் 'யாரால்?' என்று கேட்கத்தானே வகுப்பில் படித்தோம்? எறியப்பட்டவர் இருந்தால் எறிந்தவரும் இருக்கிறார். 'பரையா' அந்தக் கேள்வியையே மூடிவிடுகிறது. ஒதுக்கியவர்களின் குற்றத்தை ஒதுக்கப்பட்டவர்களின் பிறவிக் குணமாக்குகிறது.

தோழர்களே, தேர்வுத்தாளிலும் அறிக்கையிலும் அந்தச் சொல்லைத் தொடாதீர்கள். பத்திரிகையில் கண்டால் ஆசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். பிழையில்லாத ஆங்கிலத்தில் எழுதுங்கள். நாம் இலக்கணம் படிப்பது வேலைக்கு மட்டுமல்ல, இதற்கும்தான்.