அன்இன்ஸ்டோல் பண்ணியாச்சு, ஆனால் போகவில்லை

போனில் அப் ஒன்றை அழித்தால் அதோடு எல்லாம் போயிடும் எண்டு நம்பி வளர்ந்த ஆக்கள் நாங்கள். சேர்வர் மென்பொருள் அப்படிப் போறதில்லை.

மைஎஸ்கியூஎல்லை எடுங்கோ. கலைப்பீடத்துக்கு இது எதுக்கு எண்டு கேட்கலாம். ஊர் ஊராகப் போய் எடுத்த நேர்காணல்களைத் தேடக்கூடிய மாதிரி அடுக்க வெளிக்கிட்டால் கடைசியில் ஏதோவொரு டேட்டாபேஸில்தான் வந்து நிற்கவேணும். விண்டோஸின் கொன்ட்ரோல் பனலில் அன்இன்ஸ்டோல் கொடுத்தால் புரோகிராம் போயிடும். ஆனால் சி டிரைவில், வழமையாகக் கண்ணுக்குத் தெரியாத 'புரோகிராம்டேட்டா' போல்டருக்குள் டேட்டா பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

திரும்ப இன்ஸ்டோல் பண்ணும்போதுதான் இது தெரியவரும். புதுசாகப் போட்ட சேர்வர் பழைய ரூட் பாஸ்வேர்டைக் கேட்கும். பேயும் இல்லை, வைரஸும் இல்லை. பாஸ்வேர்ட் விபரமும் அந்த டேட்டாவோடுதான் இருக்கு. சிலவேளை பழைய சேர்விஸின் பெயரும் பட்டியலில் மிஞ்சி, அதே பெயரில் புதிதை வைக்க விடாது. முதலில் டேட்டாவைப் பிரதி எடுத்து வைத்துவிட்டு, அட்மினாகக் கொமாண்ட் புரொம்ப்டைத் திறந்து 'எஸ்சி டிலீட்' என்று சேர்விஸின் பெயரைக் கொடுக்கவேணும். பிறகு போல்டரின் பெயரை மாற்றினால் போதும். உபுண்டுவில் 'ரிமூவ்' வேறு, 'பேர்ஜ்' வேறு. ரிமூவ் செட்டிங்ஸையும் டேட்டாவையும் விட்டுவிட்டுப் போகும்.

டேட்டாவை விட்டுவைப்பது பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. புரோகிராமை நாளைக்கும் டவுன்லோட் பண்ணலாம், ஒரு அம்மம்மா சொன்ன கதையைப் பண்ணேலாது. கோபம் என்னவெண்டால், விட்டுவைத்ததைச் சொல்லாமல் வேலை முடிந்த மாதிரிக் காட்டுவதுதான்.

ஏனெண்டால் லேப் கணினி எங்களுடையது இல்லை. எங்களுக்குப் பிறகு அடுத்த பட்ச் வந்து இருக்கும். அந்தப் போல்டருக்குள் கிடப்பது ஆக்களின் பெயர், ஊர், காணாமல்போன பிள்ளையைப் பற்றி மெல்லிய குரலில் சொன்ன வசனங்கள். ஆய்வு முடிய அழிப்போம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்குகிறோம். ஆய்வு முறையியல் பாடத்தில் ஒப்புதல் படிவம் நிரப்ப ஒரு கிழமை படிப்பிக்கினம். டேட்டா எந்தப் போல்டரில் இருக்கும் எண்டு காட்ட அரை மணித்தியாலம் ஒதுக்கினால் என்ன?

இந்த செமஸ்டர் முடிய லேப் கணினிகளை மாற்றப் போகினமாம். அதுக்கு முதல் அந்தப் போல்டர்களைத் திறந்து பார்க்க நாலைஞ்சு பேர் வேணும். ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.